கரண்ட் போன நேரம்

சோமனூரில் ஒருத்தரை மானங்கெடுக்க
முதலில் தறிகளை நிறுத்த வேண்டும்.
அது தெரியாத ரெண்டு பேர்
ஒரே பைக்கில் வந்திருந்தார்கள்.
ஒருவன் கழுத்தில் கம்பெனி அட்டை,
இன்னொருவன் கையில் படம் பிடிக்கிற செல்போன்.

வாசலில் நின்று கத்தினான் அட்டைக்காரன்.
எனக்கு உதடு மட்டும் தெரிந்தது.
இருபது வருசம் தறிக்குடோனில் நின்றவளுக்கு
உதடு போதும்.
'லட்சம்' என்றால் நாக்கு மேலே போய் ஒட்டும்.
'வட்டி' என்றால் கீழுதடு பல்லில் படும்.
தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை.
எதிர்க் குடோன் ருக்குமணி தார் சுற்றிக்கொண்டே
ஒறம்பரை வந்திருக்குதாட்ட என்று
என்னைப் பார்த்துத் தலையாட்டினாள்.

அப்போது கரண்ட் போயிற்று.

எங்கள் எட்டுத் தறியும்
பக்கத்துக் குடோனின் பன்னிரண்டும்
அதற்கப்பால் ஊர் முழுக்கவும்
ஒரே மூச்சில் நின்றதில்
அவனுக்கு வாயை மூடத் தோன்றவில்லை:
"செத்தாப்ல நடிச்சா உட்ருவமா,
மூணு லட்சத்து நாப்பதாயிரம்!"

குடோன் வாசல் ஒவ்வொன்றிலும் ஒரு தலை.
சுவரில், சந்தனப் பொட்டோடு
அவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங் தம்பி. காயிதம் இருக்குதுங்களா?"
குரலை ஏற்ற வேண்டியிருக்கவில்லை.

இருந்தது. நகலுக்கு நகல் எடுத்த நகல்.
டிவி, வாஷிங்மெஷின்,
அப்புறம் பேரே விளங்காத ஒரு சாமான்.
ஆவணி மாதத்துத் தேதி.
"அந்த மாசியிலயே அவரு போயிட்டாருங்."
கீழே இங்கிலீஷில்
வழுக்கிக்கொண்டு ஓடுகிற கையெழுத்து.
எங்கள் மாகாளியப்பன்
நூல் ரசீதானாலும் பேங்க் சலானானாலும்
தமிழில்தான் போடுவார். 'ளி'யின் சுழி
நூல் சுற்றிய தார் மாதிரி உருண்டிருக்கும்.
"இதுல சுழியே காணமுங்களே தம்பி?"

ருக்குமணி சிரித்தது தெருக்கோடிக்குக் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் அக்கா ஆனேன்.
"சரிங்க்கா, பணம் வேண்டாம்.
கடன் இருக்குது, பொறவு கட்டறேன்னு
ஒரு கையெழுத்து. சும்மா, ஃபைலுக்கு."
மூடியைக் கழற்றிப் பேனாவை நீட்டினான்.

பாவு தீர்ந்த தறியில்
பழைய இழையின் முனையோடு
புது இழையைப் பிணைப்போம்.
பொடி முடிச்சு, கண்ணுக்கே படாது.
முடிச்சு விழுந்துவிட்டால்
புதுப் பாவு அத்தனையும் அந்தத் தறியோடது,
கடைசி மீட்டர் வரைக்கும்
நெய்துதான் தீர்க்கணும்.

பேனாவை நான் தொடவில்லை.
"கோர்ட்டுல கேக்கச் சொல்லுங், வந்து சொல்லிக்கறேன்.
காயிதம் எங்கிட்டயே இருக்கட்டுமுங்."

தண்ணீர் கேட்டான். சொம்பில் கொடுத்தேன்.
அட்டையில் வெற்றிச்செல்வன் என்று இருந்தது,
ஊர் கெங்கவல்லி. அத்தனை தூரம்.
மாசம் எத்தனை கையெழுத்து வாங்கணும் என்றேன்.
"நாப்பதுங்க்கா" என்று முகத்தைத் துடைத்தான்.
இன்னொருவன் செல்போனை
எப்போதோ பைக்குள் போட்டிருந்தான்.

கரண்ட் வந்தது.
பைக்கை உதைக்கையில் என்னவோ சொன்னான்.
உதடு தெரிந்தது. அது இங்கே வேண்டாம்.

ராத்திரி தூக்கமில்லை.
பயமில்லை, வேறொரு கணக்கு.
அந்த மாசியில், கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு
ஆம்புலன்ஸ் ஓட்டிய கருமத்தம்பட்டி சூசைராஜ்,
அவரை இறக்கி வைத்துவிட்டு
"அப்பறம் பாத்துக்கலாமுங்" என்றதோடு சரி.
ஆயிரத்து எண்ணூறு.
காகிதம் கிடையாது, சாட்சி கிடையாது.
ரெண்டு தடவை போனேன். வண்டியை விற்றுவிட்டு
பல்லடம் பக்கம் எங்கோ என்றார்கள்.
யாரும் வாசலில் நின்று கத்தாத அது
தறி ஓடும்போதும் எனக்குக் கேட்கிறது.

நாளைக்கு ஞாயிறு, தறி லீவு.
பல்லடம் பஸ் ஏழரைக்கு.